ஒரே மரபணு இருந்தும் நெல்லில் மணி எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

இரண்டு ரகங்களில் ஒரே மரபணு இருந்தும் விளைச்சல் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணு இருந்தால் மட்டும் போதாது, அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் விஷயம்.

நெல்லின் ஜிஎன்1ஏ மரபணு, செல்கள் பெருகத் தூண்டும் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் நொதியைத் தருகிறது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது இது: அந்த மரபணுவின் வேலை குறைந்தால் குருத்தில் ஹார்மோன் சேரும், கதிரில் பூக்கள் கூடும், மணிகளும் கூடும்.

என்னை அதிகம் வியக்க வைப்பது ஐபிஏ1 என்ற இன்னொரு நெல் மரபணு. அதன் தூது ஆர்என்ஏவை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் நகலை, மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற குட்டி மூலக்கூறு தேடிப் பிடித்து வெட்டும். பிடிக்கும் இடத்தில் ஒரே ஒரு மரபணு எழுத்து மாறினால் போதும், பிடி நழுவிப் புரதம் பெருகும். அப்புறம் பயிரின் உருவமே மாறிவிடும்: தூர் குறைவு, தண்டு தடிமன், கதிர் நிறைய மணி. சரி, புரதம் மிஞ்சிப் போனால்? தூர்கள் ரொம்பக் குறைந்து விளைச்சல் அடிபடும்.