ஸ்கேன் நார்மல் என்றால் ஷோக்ரன் நோய் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 46. ஒரு வருடமாக வாய் உலர்ந்துபோகிறது, கண்ணும் உறுத்துகிறது. ஷோக்ரன் நோயாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம் என்று மூட்டுவாத மருத்துவர் சந்தேகப்படுகிறார். இந்த நோயில் ரத்தத்தில் தேடும் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் எனக்கு நெகட்டிவ். இப்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு அல்ட்ராசவுண்ட் எழுதியிருக்கிறார். அது நார்மலாக வந்தால் உதட்டு பயாப்சியை (உதட்டிலிருந்து திசு எடுத்துப் பரிசோதிப்பதை) தவிர்க்கலாமா?

பதில்: ஸ்கேன் நார்மல் என்பதற்காக மட்டும் தவிர்க்க முடியாது. நோய் தொடங்கிய காலத்தில் சுரப்பிகள் பார்வைக்கு நன்றாகவே இருக்கக்கூடும்.

அல்ட்ராசவுண்ட் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் ஜெல் தடவி, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு சுரப்பிகளைப் பார்ப்பார்கள். ஆரோக்கியமான சுரப்பி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். ஷோக்ரனில் அதற்குள் சின்னச் சின்னக் கருந்திட்டுகள் தோன்றும். நாள்பட்டால் வெள்ளை இழைகளும் சேரும். இதைப் பெரும்பாலும் 0 முதல் 3 வரை தரப்படுத்துவார்கள். 2, 3 என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் சார்காய்டோசிஸ், ஐஜிஜி4 நோய் போன்ற, சுரப்பிகளைப் பாதிக்கும் வேறு அழற்சி நோய்களும் ஏறக்குறைய இப்படியே தெரியலாம்.

உங்களுக்கு ஆன்டி-ரோ நெகட்டிவ் என்பதுதான் இங்கே முக்கியம். ஷோக்ரன் என்று வகைப்படுத்த, 2016-இல் வந்த சர்வதேச அளவுகோலில் குறைந்தது 4 புள்ளிகள் வேண்டும். ஆன்டி-ரோ பாசிட்டிவ் என்றால் 3, உதட்டு பயாப்சியில் நோயின் அடையாளம் தெரிந்தால் 3. இரண்டு கண் பரிசோதனைகளுக்கும் உமிழ்நீர் அளவுக்கும் தலா 1. அல்ட்ராசவுண்டுக்கு அதில் இடமே இல்லை. ஆன்டி-ரோ இல்லாதபோது கண், உமிழ்நீர்ப் பரிசோதனைகள் மூன்றும் சேர்ந்தாலும் 3-ஐத் தாண்டாது. அதனால்தான் பயாப்சி வரை போகவேண்டியிருக்கிறது. இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்காக வகுக்கப்பட்டது, மருத்துவர் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

கீழுதட்டின் உள்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, சில குட்டிச் சுரப்பிகளை எடுப்பார்கள், அவ்வளவுதான். சிலருக்கு அந்த இடம் கொஞ்ச நாள் மரத்திருக்கும், அபூர்வமாக அது நீடிக்கலாம்.

அப்புறம், நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவையே வாயை உலர்த்தும்.

நோய் உறுதியானாலும் ஸ்கேனுக்கு வேலை இருக்கிறது. ஷோக்ரன் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குச் சுரப்பியில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருவதுண்டு. கன்னத்திலோ தாடைக்குக் கீழோ கெட்டியான வீக்கம் வந்து, சில வாரங்களாகியும் வடியாமல் இருந்தால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்து, தேவைப்பட்டால் அந்த இடத்திலேயே ஊசி பயாப்சி செய்ய வேண்டும்.