நாற்பதாயிரம் ரூபாய் மிச்சமாகுமா?

கேள்வி: மதுரையில் 60 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை நடத்துகிறோம். கணினிப் பிரிவில் நான்கு பேர் இருக்கிறார்கள், பி.எப். உட்பட மாதம் 1,60,000 ரூபாய் செலவாகிறது. அதே வேலையை 1,20,000 ரூபாய்க்குச் செய்து தருவதாக ஒரு வெளி நிறுவனம் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தத் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, 1,41,600 ஆகிவிடும். பம்ப்செட் தயாரிப்பவர் என்றால், தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யிலிருந்து அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்வார். சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் உங்களுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆக, மிச்சம் 18,400 தான்.

இதுவும் நிற்குமா என்று பாருங்கள். காப்பீட்டு நிறுவனம் படிவத்தை மாற்றினால், இன்று உங்கள் ஊழியர் மதியத்துக்குள் பில்லிங் மென்பொருளைத் திருத்திவிடுகிறார். நாளை அது 'ஒப்பந்தத்தில் இல்லாத வேலை'. தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. இரவு இரண்டு மணிக்கு ஆய்வக முடிவு ஐ.சி.யூ. கணினியில் வரவில்லை என்றால்? 'நான்கு மணி நேரத்தில் பதில்' என்று எழுதியிருப்பார்கள். போனை எடுப்பதா, பழுதை நீக்குவதா, எது பதில் என்று இப்போதே கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எந்த பேக்கப் அடிக்கடி பாதியில் நிற்கும், எந்த சர்வரை எப்போது தொடக்கூடாது என்பதெல்லாம் அந்த நால்வரின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் போன பிறகு, புது சர்வர் வாங்க வேண்டும் என்று வெளியார் சொன்னால், அது தேவைதானா என்று சொல்ல உங்களிடம் ஆள் இருக்காது. அமெரிக்காவின் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2002-இல் தன் கணினி வேலைகளை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்து 500 கோடி டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. 2004-இலேயே அதை ரத்து செய்து, சுமார் 4,000 பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த வங்கியால் தாங்க முடிந்தது. உங்கள் மருத்துவமனையால் முடியாது.

சட்டப் பொறுப்பும் உங்களைவிட்டுப் போகாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளியாரிடம் இருந்து நோயாளிகளின் விவரம் கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான். போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கணினி பழுதுபார்ப்பு, நெட்வொர்க் பராமரிப்பு ஆகியவற்றை மட்டும் வெளியே கொடுத்துப் பாருங்கள். மென்பொருளும் நோயாளிகளின் தரவும் தெரிந்த இருவரையாவது கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். இணையதளப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, நிர்வாகி கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் முழுத் தரவையும் வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவில், கட்டணமின்றித் தருவோம் என்று அந்த நிறுவனம் எழுதித் தருகிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.