ஜப்பானில் வேலைக்குச் சேரப்போகிறேன். குனிந்து வணங்குவது எப்படி? உடல்மொழியில் வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

குனிவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கழுத்தைக் கவனியுங்கள். தமிழர்களுக்கு ஜப்பானிய அலுவலகத்தில் உண்மையான சிக்கல் அங்கேதான் வருகிறது.

ஒருவர் வேலையை விளக்கி முடித்ததும் நாம் வாயைத் திறக்காமலே தலையை ஒரு தோள்பக்கம் சாய்க்கிறோம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுகிறோம். நமக்கு அது 'சரி, செய்துவிடுகிறேன்'. அதே சாய்வை ஜப்பானியர்கள் 'குபி ஓ காஷிகெரு' என்பார்கள். 'புரியவில்லையே', 'இது சரிப்பட்டு வருமா?' என்ற சந்தேகத்தைக் காட்டும் சைகை அது. அதனால் நீங்கள் மனதார ஒப்புக்கொண்ட விஷயத்தை அவர் மறுபடி முதலிலிருந்து விளக்குவார். நீங்கள் மறுபடியும் சாய்ப்பீர்கள். உங்களுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிடுவார், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. தாடை நேராக நெஞ்சை நோக்கி ஒரு முறை இறங்கி ஏறட்டும், கூடவே 'வகாரிமாஷிதா' (புரிந்தது) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழகும்வரை தலையை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடி முன் நின்று பேசிப் பாருங்கள், எத்தனை முறை தலை தானாகச் சாய்கிறது என்று தெரியும்.

எதிர்ப்பக்கமும் இதே குழப்பம் உண்டு. நீங்கள் பேசப் பேச அவர் தலையை மேலும் கீழும் அசைத்து 'ஹை, ஹை' என்பார். இதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். நாம் கதை கேட்கும்போது 'ம்' கொட்டுகிறோமே, அதுதான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். 'எந்தத் தேதிக்குள் முடிக்கலாம்?' என்று கேளுங்கள். தேதி வந்தால் சம்மதம். பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, தலையைச் சாய்த்து, 'முசுகாஷி' (கடினம்) என்றால் பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் வற்புறுத்தினால் அவருக்குச் சங்கடம்.

இனிக் குனிவது. வழியில் எதிர்ப்படும் சக ஊழியருக்குச் சுமார் 15 டிகிரி, வாடிக்கையாளருக்கும் மேலதிகாரிக்கும் 30, பெரிய நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45. கோணத்தைவிட முதுகுதான் முக்கியம். குதிகால்களைச் சேர்த்து நின்று, இடுப்பிலிருந்து மடங்க வேண்டும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். ஆண்கள் கைகளைத் தொடையோரம் வைப்பார்கள், பெண்கள் முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார்கள். வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்டுக் குனியுங்கள், ஒரு நொடி நில்லுங்கள், இறங்கியதைவிட மெதுவாக நிமிருங்கள். பார்வை தரையில் இருக்கட்டும்.

நம்மவர்கள் வழக்கமாகத் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, கழுத்தை மட்டும் தொங்கப்போடுவது. அது அரைமனதாகத் தெரியும். இன்னொன்று, கைகூப்பிக்கொண்டே குனிவது. அங்கே கைகூப்புவது கோயிலிலும், சாப்பாட்டுக்கு முன்னும், கெஞ்சிக் கேட்கும்போதும்தான். அவர் கைகுலுக்கக் கை நீட்டினால் குலுக்கி முடித்துவிட்டுக் குனியுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் தலைகள் மோதும்.

பெயரட்டையை, அதாவது 'மெய்ஷி'யை, எழுந்து நின்று கொடுங்கள். மேஜைக்குக் குறுக்கே நீட்டாமல் சுற்றிக்கொண்டு போய், இரண்டு கையாலும், எழுத்து அவர் படிக்கும் பக்கம் இருக்கும்படி, அவருடைய அட்டையைவிடச் சற்றுத் தாழ்வாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். விருந்தாளியாகப் போனவர் அல்லது பதவியில் இளையவர் முதலில் கொடுப்பார். வாங்கியதை ஒரு நொடி படித்துப் பாருங்கள். கூட்டம் முடியும்வரை அது மேஜைமேல், உங்கள் பெயரட்டைகளை வைத்திருக்கும் சின்ன உறையின் மேலேயே இருக்கட்டும். பின் பாக்கெட்டில் செருகுவதும், அவர் கண்முன்னே அதில் எதையாவது குறிப்பதும் அவரையே அவமதிப்பது போல. இடது கையால் கொடுக்கக் கூடாது என்ற நம் பழக்கம் இங்கே கைகொடுக்கும். இரண்டு கை என்பது அதன் அடுத்த படிதான்.

சின்னச் சைகைகள் சில. மூக்குக்கு முன்னால் கையை விசிறிபோல ஆட்டினால் நாற்றம் என்று பதறாதீர்கள், 'இல்லை, வேண்டாம்' என்கிறார். தன் மூக்கைச் சுட்டிக் காட்டினால் 'என்னையா?' என்று கேட்கிறார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் நம் ஊர் மாதிரியே 'இங்கே வா'தான். கூட்டத்தில் ஒருவர் கைகட்டிக் கண்மூடி உட்கார்ந்திருந்தால் தூங்குகிறார் என்றோ கோபம் என்றோ முடிவு செய்ய வேண்டாம். பல சமயம் யோசித்துக்கொண்டு இருப்பார். தோளில் தட்டுவது, பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வது வேண்டாம். கண்ணை நேரே உற்றுப் பார்க்காமல், இடையிடையே கழுத்து டை இருக்கும் இடத்துக்குப் பார்வையை இறக்குங்கள்.

விருந்தாளியை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டால் கதவு மூட ஆரம்பிக்கும்போதே குனிந்து, அது முழுதாகச் சேரும்வரை நிமிராமல் இருங்கள். பாதியில் நிமிர்ந்தால், உள்ளே குனிந்தபடி நிற்பவர் அதைப் பார்த்துவிடுவார்.