வேலையை விட்டபின் 2 வருடத் தடை செல்லுமா?

கேள்வி: மண்ணடியில் ஒரு ஃப்ரைட் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யும்) அலுவலகத்தில் ஆறு வருடமாக ஏற்றுமதி டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். மணலியில் வேறொரு கம்பெனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. வேலையை விட்டால் 2 வருடம் சென்னையில் இதே தொழில் செய்யும் இடத்தில் சேரக்கூடாது, மீறினால் 3 லட்சம் கட்ட வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். சேரலாமா?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: தைரியமாகச் சேருங்கள். ஒருவரைச் சட்டபூர்வமான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நீளும் தடை செல்லாது என்பதை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ‘2 வருடம்தானே, சென்னைக்குள் மட்டும்தானே’ என்ற வாதம் அங்கே எடுபடாது. நீங்கள் கையெழுத்துப் போட்டதால் செல்லாத ஷரத்து செல்லுபடியாகிவிடாது. அந்தத் தடையை மீறியதற்கென்றே போட்ட 3 லட்சமும் அதோடு விழுந்துவிடும். குறைந்தபட்சம் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட் வேறு விஷயம். 3 வருடம், 2 லட்சம் என்றிருந்த ஒரு வங்கி பாண்டை 2025இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் ஆர்டரில் அப்படி ஏதாவது இருக்கிறதா, காலம் முடிந்துவிட்டதா என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சிக்கல் வருவது வேறு இரண்டு இடத்தில்.

முதலாவது நோட்டீஸ் காலம். அது முடியும்வரை நீங்கள் பழைய கம்பெனியின் ஊழியர்தான். வேலையில் இருக்கும்போதுள்ள தடை செல்லும். சாயங்காலத்தில் மணலிக்காரர்களுக்கு ஒரு ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்கப் பத்திரம்) போட்டுக் கொடுத்தால்கூட ஒப்பந்த மீறல். ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், நோட்டீஸ் நாட்களை முழுதாக முடியுங்கள், ரிலீவிங் லெட்டரை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது: தகவல். பார்ட்டிகளின் பட்டியல், அவர்களுக்குக் கொடுத்த ரேட் ஷீட், லைனர்களோடு (கப்பல் கம்பெனிகளோடு) பேசிய தள்ளுபடி எதையும் சொந்த மெயிலுக்கோ வாட்ஸப்புக்கோ அனுப்பாதீர்கள். கம்பெனிகள் பெரும்பாலும் தடை ஷரத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்துத்தான் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கின்றன, கிடைக்கவும் செய்யும். ஆறு வருடத்தில் கற்ற கைத்திறமை உங்களுடையது, அதை யாரும் பிடித்துவைக்க முடியாது. லேப்டாப், ஐடி கார்டை ஒப்படைத்து ஒப்புதல் வாங்குங்கள். கிளம்பும்போது நீட்டும் புதுப் பேப்பர் எதிலும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பயமுறுத்த வக்கீல் நோட்டீஸ் வரலாம். கிழித்துப்போடாமல் பதில் அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.