ஸ்குரூ பிரஸ்ஸுக்கு முப்பரிமாணப் படம் தேவையா?

கேள்வி: தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபோர்மேனாக இருக்கிறேன். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஸ்குரூ பிரஸ்ஸின் மேனுவல் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான். பழுது வந்தால் புதுப் பையன்கள் பக்கத்தைத் தேடுவதிலேயே நேரம் போகிறது. டேப்லட்டில் தொட்டால் விவரம் சொல்லும் படம் செய்ய முடியுமா? முப்பரிமாணம் வேண்டுமா?

பதில்: முப்பரிமாணம் வேண்டாம். தயாரிப்பாளரின் மூல வரைபடக் கோப்பு கையில் இல்லாமல் அதில் இறங்குவது வீண் செலவு. மேனுவலில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் இருக்குமே, அதுவே போதும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பக்கத்தைப் பதித்து, ஒவ்வொரு பாக எண் மேலும் ஒரு வட்டம் போட்டு, அந்தப் பாகத்தின் விவரத்துக்கு இணைப்புக் கொடுங்கள். வட்டத்துக்கு நிறமே இல்லை என்று வைத்தால் உள்ளே தொட்டாலும் வேலை செய்யாது. நிறம் கொடுத்துவிட்டு அதை முழுக்க ஒளிபுகும்படி ஆக்குங்கள். பிறகு எஸ்விஜியாக, அதாவது பெரிதாக்கினாலும் மங்காத படக் கோப்பாக, சேமியுங்கள். திரை சிறிதானாலும் பெரிதானாலும் படமும் வட்டமும் சேர்ந்தே மாறும். கிரீஸ் விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் வட்டமாவது வேண்டும். மவுஸை மேலே கொண்டுபோனால் தெரியும் குறிப்புகள் டேப்லட்டில் உதவாது.

ஆலைக்குள் இன்டர்நெட் லைன் கிடைக்காது என்றால் எல்லாவற்றையும் ஒரே ஹெச்டிஎம்எல் (வலைப்பக்க) கோப்புக்குள் வையுங்கள். தனித்தனிக் கோப்புகளுக்கான இணைப்புகள் ஆண்ட்ராய்டில் அறுந்துபோகலாம்.

பாக எண்ணைக் காட்டுவது ஸ்டோருக்கு உதவும். பழுது பார்ப்பவனுக்கு அது போதாது, அவன் அறிகுறியிலிருந்துதான் தொடங்குவான். உதாரணமாக, பிரஸ்ஸின் வாயில் அழுத்தம் கொடுக்கும் கூம்புதான் கோன்; 'கோன் முன்னுக்கு வரவில்லை' என்று ஒரு பட்டன் வையுங்கள். அதைத் தொட்டால், கோனை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ராலிக் சர்க்யூட்டின் படம் திறந்து, பார்க்க வேண்டிய இடங்கள் வரிசையாக ஒளிரட்டும்: டாங்கியில் ஹைட்ராலிக் எண்ணெய் மட்டம், பம்ப் மோட்டார், பிரஷர் கேஜ், ரிலீஃப் வால்வு, சோலினாய்டு வால்வு, கடைசியாக சிலிண்டர் சீல். சுலபமாகப் பார்க்கக் கூடியது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில். அழுத்தம் போகும் குழாய் சிவப்பு, திரும்பும் குழாய் நீலம். வெயிலில் நிறம் மங்கும் என்பதால் தடித்த அம்புக்குறியும் போடுங்கள். கோன் அழுத்தம் கூடினால் கொட்டை உடையும், குறைந்தால் நாரிலேயே எண்ணெய் தங்கிவிடும். இந்த இரண்டு வரியும் அதே திரையில் இருக்கட்டும், பையன்கள் கேஜைச் சும்மா பார்க்க மாட்டார்கள்.

எதையும் கழற்றச் சொல்லும் திரைக்கு முன்னால் மெயின் சுவிட்சை அடைத்துப் பூட்டும் படம் வந்தாக வேண்டும். மோட்டார் நின்றாலும் ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் மிச்சமிருக்கலாம், கேஜ் சுழிக்கு வந்ததைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரே ஒரு பிரஸ்ஸுக்குச் செய்யுங்கள். படத்தின் மூலையில் அந்த மெஷினின் சீரியல் நம்பரும் தேதியும் இருக்கட்டும். வேறு மாடல் பம்ப் மாட்டினால் அன்றைக்கே படத்தைத் திருத்த ஓர் ஆளைப் பொறுப்பாக வையுங்கள்.