லாட்ஜ் வைஃபைக்கு 18 ஆயிரம் ரூபாய் ரூட்டர் தேவையா?

கேள்வி: மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். நெட் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன ஒரே பெட்டியில்தான் பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி), தங்க வருகிறவர்களின் வைஃபை எல்லாம் ஓடுகிறது. போன வாரம் மாடி அறையில் தங்கியவரின் குடும்பப் படம் எங்கள் ரிசப்ஷன் பிரிண்டரில் வந்து விழுந்தது! கேமரா போட்டுக் கொடுத்தவர், "ஃபயர்வால் ரூட்டர் வாங்குங்க, 18 ஆயிரம் ஆகும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கில் யார் எங்கே போகலாம் என்று பார்த்து விடுகிற காவல்காரர் மாதிரி. எல்லாரும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதால் அவர் போன் உங்கள் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. பிரிண்டர் தெரிகிறது என்றால் டிவிஆரும் தெரியும், பில்லிங் கம்ப்யூட்டரும் தெரியும்.

முதலில், இருக்கிற பெட்டியிலேயே கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) வசதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவிட்டு, உங்கள் போனை அதில் இணைத்து, பிரவுசரில் டிவிஆரின் முகவரியை (192.168.1 என்று தொடங்கும் எண்ணாக இருக்கலாம்) அடியுங்கள். லாகின் பக்கம் திறந்தால் அந்த கெஸ்ட் வைஃபை பெயருக்குத்தான், பிரித்து வைக்கவில்லை.

அப்படியானால் ரெண்டாயிரத்துக்குள் ஒரு சாதாரண ரூட்டர் போதும். ஆனால் அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது ரூட்டரை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு, ஆபீஸைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அது தலைகீழ். பின்னால் மாட்டிய புது ரூட்டரிலிருந்து முன்னால் இருக்கும் பழைய பெட்டிக்குப் போக வழி உண்டு. முன்னாலிருந்து பின்னால் நுழையத்தான் வழியில்லை. ஆகவே விருந்தினர் பழைய பெட்டியில் இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கேபிளைப் புது ரூட்டரின் வேன் (WAN) போர்ட்டில், அதாவது இன்டர்நெட் உள்ளே வரும் துளையில் செருகி, பில்லிங், பிரிண்டர், டிவிஆர் மூன்றையும் அதன் பின்னால் கொண்டுபோங்கள். இரண்டு பெட்டிக்கும் முகவரி வரிசை வேறு வேறாக இருக்க வேண்டும்: ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.5 என்பது போல. பழைய பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள், அதன் லாகின் பக்கம் இனியும் விருந்தினர் கைக்கு எட்டும்.

டிவிஆரை வீட்டிலிருந்து பார்க்க யாராவது போர்ட் ஃபார்வேர்டிங் (வெளி இன்டர்நெட்டிலிருந்து நேராக டிவிஆருக்கு வழி திறந்துவிடுவது) போட்டுக் கொடுத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்; டிவிஆர் கம்பெனியின் ஆப் வழியாகவே பார்க்கலாம். 2016-ல் மிராய் என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது.

மாடிக்கு ஒரே கேபிளில் ஆபீஸ், விருந்தினர் இரண்டு நெட்வொர்க்கையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்தால் விலான் (ஒரே கேபிளில் நெட்வொர்க்குகளைப் பிரித்து அனுப்பும் முறை) வசதியுள்ள ரூட்டரும் ஸ்விட்சும் வாங்கலாம். அப்போதும் யார் எங்கே போகலாம் என்ற விதி எழுதாத ஃபயர்வால் வெறும் விலை கூடின ரூட்டர்தான். விதிகளைப் பெரும்பாலான கருவிகள் மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். "விருந்தினர் ஆபீஸுக்குப் போகக் கூடாது" என்பது மேலே, "இன்டர்நெட்டுக்குப் போகலாம்" என்பது கீழே. எல்லாவற்றுக்கும் அனுமதி தருகிற வரி மேலே இருந்தால் தடை வரி வேலையே செய்யாது. விதி எழுதி, உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டுவதும் விலையில் அடக்கம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்கு மேல் பையனின் போனுக்கு நெட் கிடைக்காதபடி ரூட்டரில் தடுத்தேன். ரெண்டே நாளில் மறுபடி ஓடுகிறது. ரூட்டரை மாற்றணுமா? (திருமங்கலம் வாசகி)

பதில்: ரூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பையன்தான் கெட்டிக்காரன். நீங்கள் தடுத்தது போனின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தப் போனை அடையாளம் காட்டும் எண்ணை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்த பிறகு போன்கள் வைஃபைக்குப் பொய்யான மேக் முகவரியைக் காட்டுகின்றன, செட்டிங்கில் அதை மாற்றிவிடவும் முடியும். ஒரு போனைத் தடுப்பதை விட, அந்த நேரத்தில் 'அனுமதித்தவை மட்டும்' என்ற முறைக்கு மாற்றி, உங்கள் போன், டிவி என்று வேண்டியதை மட்டும் சேருங்கள். அப்புறம், அவன் சிம்மில் டேட்டா இருந்தால் எந்த ரூட்டராலும் தடுக்க முடியாது. அதற்கு ரீசார்ஜ் செய்கிறவர் யார் என்று பாருங்கள்.