பூனைக்கு தைராய்டு மாத்திரை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, தைராய்டு ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் என் 13 வயதுப் பூனை, அதற்கான மாத்திரையான மெத்திமசோல் ஆரம்பித்த பிறகு எடை ஏறி நன்றாக இருக்கிறான். இனி நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அவன் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். தைராய்டு சுரப்பியில் உள்ள கட்டியை இது கரைப்பதில்லை, ஹார்மோன் சுரப்பதை மட்டும் தடுக்கிறது. நிறுத்தினால் சில நாட்களிலேயே பழைய நிலைமைதான். அறுவை சிகிச்சையோ கதிரியக்க அயோடினோ செய்யாதவரை ஆயுள் முழுக்க இது தொடர வேண்டும்.

கேள்வி: பொடித்து சாப்பாட்டில் கலக்கலாமா?

பதில்: கூடாது. மருந்து பயங்கரக் கசப்பு, ஒருமுறை ருசி தெரிந்துவிட்டால் அப்புறம் அந்தச் சாப்பாட்டையே தொடாது. தவிர, அந்தத் தூள் உங்கள் உடம்பிலும் சேரும். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் மாத்திரையையும் பூனையின் மலஜலத்தையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. முழு மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்து வாயை மூடிப் பிடியுங்கள், விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மருந்து ஆரம்பித்த பிறகு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடிவிட்டது. மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டதா?

பதில்: இந்தப் பயத்தில் பலர் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் இது. தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்கிறது, அதனால் ஏற்கெனவே இருக்கும் சிறுநீரகக் கோளாறு ரிப்போர்ட்டில் தெரியாமல் போகும். மாத்திரை வேலை செய்ததும் ரத்த ஓட்டம் சாதாரண அளவுக்கு வந்து, மறைந்திருந்தது வெளியே தெரிகிறது. ஆனால் டி4 எனும் தைராய்டு ஹார்மோன் தேவைக்கும் கீழே இறங்கிவிட்டால் அதுவும் சிறுநீரகத்துக்குக் கெடுதல்தான், அப்போது டாக்டர் அளவைக் குறைப்பார். அதனால்தான் ஆரம்பித்த 2 முதல் 4 வாரத்துக்குள் டி4, கிரியேட்டினின், ரத்த அணுக்கள், கல்லீரல் எல்லாம் பார்க்கச் சொல்கிறோம். அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: மாத்திரை ஆரம்பித்த பிறகு என் பூனை முகத்தைப் புண்ணாகும்வரை சொறிகிறாள். கொஞ்சம் வாந்தியும் உண்டு.

பதில்: லேசான வாந்தி மட்டும் என்றால் அளவைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றிச் சரிசெய்வது வழக்கம். முகச் சொறி அப்படியல்ல. அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கார்பிமசோல் என்ற இன்னொரு தைராய்டு மாத்திரைக்கு மாற்றிக் கேட்காதீர்கள், உடம்புக்குள் போனதும் அதுவும் மெத்திமசோலாகத்தான் மாறும்.

கேள்வி: காலை வேளை மறந்துவிட்டது. ராத்திரி இரண்டாகக் கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம், வழக்கமான அளவே போதும்.